கடைசிப் பக்கத்து எண்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பாபநாசத்திலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஆறு பக்க ரத்தப் பரிசோதனை அறிக்கை. ‘முழு உடல் பரிசோதனை’ என்று தள்ளுபடி விலையில் எடுத்தது. உட்கார்ந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். வைட்டமின் டி 13. தடித்த எழுத்து, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்பு.

“இதனாலதான் மாமா முடி கொட்டுது. மருந்துக்கடையிலயும் அதான் சொன்னாங்க.”

எட்டு மாத்திரை கொண்ட அட்டை ஒன்றையும் வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு மாத்திரையும் 60,000 யூனிட். நான் அறிக்கையின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். ஹீமோகுளோபின் 9.4. அங்கேயும் ஓர் அம்பு இருந்தது.

“அது எப்பவும் ஒம்பதுதான் மாமா. பழகிப்போச்சு.”

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று காவிரிப் படுகை முழுக்க இன்று பல வீட்டு அலமாரிகளில் இப்படி ஓர் அறிக்கை கிடக்கிறது. முடி கொட்டுகிறது, பரிசோதனை எடுக்கிறோம், டி குறைவு என்று வருகிறது, மாத்திரை வாங்குகிறோம். இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் நியாயமாகத் தெரிகிறது. தப்பு இருப்பது மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவில்.

அந்த 13-ஐ முதலில் பார்த்துவிடுவோம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 13 நானோகிராம் என்று அதற்குப் பொருள். எத்தனைக்குக் கீழே போனால் குறைவு என்பதில் உலகமே ஒரு முடிவுக்கு வரவில்லை. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2010 இறுதியில், ஏறத்தாழ எல்லோருடைய எலும்புக்கும் 20 போதும் என்றது. அடுத்த ஆண்டே அங்குள்ள எண்டோகிரைன் சொசைட்டி 30 வேண்டும் என்று கோட்டை மேலே ஏற்றியது. நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்களின் அறிக்கைகளில் பெரும்பாலும் அச்சாகியிருப்பது அந்த 30தான். 2024-ல் அதே சொசைட்டி அந்தக் கோட்டைக் கைவிட்டது. நோய் அறிகுறி இல்லாத பெரியவர்கள் வழக்கமாக டி சோதனை செய்துகொள்ளத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. அச்சடித்த படிவங்கள் மட்டும் மாறவில்லை. இந்திய அரசு 2016 முதல் 2018 வரை நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 12-க்குக் கீழே போனால்தான் குறைபாடு என்று கணக்கிட்டது. அப்படிப் பார்த்தபோது வளரிளம் பருவத்தினரில் 24 விழுக்காட்டினருக்குக் குறைபாடு. கோட்டை 30-க்கு நகர்த்தினால் நாட்டில் பெரும்பாலோர் நோயாளிகள். கோடு நகரும்போது யாருடைய உடம்பும் மாறுவதில்லை, மருந்துக்கடைக் கல்லா மட்டும் மாறுகிறது.

அக்கா மகளின் 13 குறைவுதான், அதில் சந்தேகமில்லை. எலும்புக்காக அதைச் சரிசெய்ய வேண்டும். முடி கொட்டுவதற்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் மருத்துவர் சி. வி. ஹரிநாராயணும் அவருடைய குழுவினரும் தென்னிந்தியர்களின் டி அளவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2007-ல் வெளியான அவர்களது ஆய்வில் கிராமத்து ஆட்களும் நகரத்து ஆட்களும் இருந்தார்கள். நோயில்லாதவர்கள். கிராமத்தினர் பகலெல்லாம் வயலில் நிற்பவர்கள். அப்படியிருந்தும் கிராமத்து ஆண்களில் 44 விழுக்காட்டினரும் பெண்களில் 70 விழுக்காட்டினரும் 20-க்குக் கீழே. நகரத்துப் பெண்களில் இது 75. வயலுக்குப் போகிற பெண்ணுக்கும் மின்விசிறிக்கு அடியில் உட்காருகிற பெண்ணுக்கும் ஐந்தே விழுக்காடுதான் வித்தியாசம்.

திருப்பதி நிலநடுக்கோட்டிலிருந்து பதின்மூன்றரை டிகிரி வடக்கே. தஞ்சாவூர் ஏறக்குறைய பதினொன்று. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை, ஆனால் வெயில் தோலில் பட வேண்டுமே. நடவுக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குனிந்தபடி நாற்று நடுகிறார்கள். நம் தோலின் கருமை, டி உண்டாக்கும் கதிரில் ஒரு பங்கைத் தானே தடுத்துக்கொள்ளும். திருபுவனத்துப் பட்டுத் தறிகளோ வீட்டுக்குள்ளே இருக்கின்றன. நடவு இயந்திரம் வந்த ஊர்களில் வயலுக்குப் போகிற கால்களும் குறைந்துவிட்டன.

அந்த 70 விழுக்காட்டை இப்படி வைத்துப் பாருங்கள். நூறு கிராமத்துப் பெண்களில் எழுபது பேருக்கு டி குறைவு. தலைவலி என்று வருகிற நூறு பேருக்குச் சோதித்தாலும் ஏறக்குறைய எழுபது பேருக்குக் குறைவாகத்தான் இருக்கும். மூட்டுவலிக்கும் அப்படியே, தூக்கமின்மைக்கும் அப்படியே. முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களுக்கு மட்டும் அது ‘காரணம்’ ஆகிவிடுகிறது. ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருள் திருடன் வீட்டிலும் கிடைத்தது என்பதற்காக அதைத் தடயம் என்று கொள்ள முடியாது.

டி-க்கும் முடிக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. அது மாத்திரை விற்பவர் சொல்லும் தொடர்பு அல்ல. மயிர்க்காலின் செல்களில் வைட்டமின் டி ஏற்பி என்றொரு புரதம் உண்டு. டி-யைச் சாவி என்றால் இது பூட்டு. 1997-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே இரண்டு ஆய்வுக் குழுக்கள் இந்தப் பூட்டே இல்லாத எலிகளை உருவாக்கின. பிறந்தபோது முடியோடு இருந்த எலிகள் வளர வளர மொட்டையாகின. கால்சியம் மிகுந்த தீனி கொடுத்தபோது எலும்பு தேறியது, முடி வரவில்லை. மனிதர்களிலும் பூட்டு பழுதாகவே பிறக்கும் குழந்தைகள் அரிதாக உண்டு. அவர்களுக்குக் கால் வளையும், பலருக்குத் தலையிலும் முடி இருக்காது.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். இன்னொரு வகைப் பிறவிக் கோளாறில் பூட்டு சரியாக இருக்கும். டி-யை அதன் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் சிறுநீரக நொதி மட்டும் இருக்காது. அதாவது சாவி இல்லை. அந்தக் குழந்தைகளுக்கும் கால் வளையும். ஆனால் தலைமுடி வழக்கம்போல் வளரும். மயிர்க்காலுக்குப் பூட்டு தேவை, சாவி இல்லாமலே அது வேலை செய்துகொள்கிறது என்பதுதான் இந்த இரண்டு குழந்தைகளும் காட்டும் உண்மை. மருந்துக்கடையில் விற்பதோ சாவி.

முடி கொட்டும் நோயாளிகளிடம் டி குறைவாக இருப்பதாகக் காட்டும் ஆய்வுகள் பல உண்டு. கெய்ரோவில் முடி கொட்டும் பெண்கள் 80 பேரிடம் செய்து 2013-ல் வெளியிட்டது அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதே ஆய்வு அவர்களிடம் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவு என்றது. அந்தப் பாதியை விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை. புழுவெட்டில், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்கி வட்ட வட்டமாக முடி உதிரும் நோயில், இந்தத் தொடர்பு கொஞ்சம் வலுவாகவே தெரிகிறது. அங்கேயும் எது முந்தியது என்பது சிக்கல். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் டி அளவு தானாகவே இறங்கும். தலையைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் முடங்கினாலும் இறங்கும்.

ஆனால் மாத்திரை சாப்பிட்டேன், நின்றுவிட்டது என்று பலர் சொல்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. இதை விளங்கிக்கொள்ள நாள்காட்டி வேண்டும்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில வாரம் சுருங்கி, மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பிறகு உதிர்கிறது. அதனால்தான் ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினிபோல உணவைக் குறைப்பது என்று உடம்பு அதிர்ந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அன்றைக்கு எதுவும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து அவை எல்லாம் ஒன்றாக உதிரும். சம்பா நாற்று ஒரே நாளில் நட்டால் ஒரே வாரத்தில் அறுப்புக்கு வருவதைப் போல. மருத்துவர்கள் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகிற டெங்குக் காய்ச்சல் தை, மாசியில் சீப்பில் தெரியும். அக்கா மகளைக் கேட்டேன். கார்த்திகையில் பத்து நாள் காய்ச்சலில் படுத்திருந்தாளாம்.

இந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். உதிர்வது பயமுறுத்தும் அளவுக்குப் போனபிறகுதான் சோதனைக்குப் போகிறோம். அதற்குள் பாதிக் காலம் ஓடிவிடுகிறது. எட்டு வாரம் மாத்திரை சாப்பிட்டு முடிக்கும்போது எப்படியும் நிற்க வேண்டியது நிற்கிறது, பெயர் மாத்திரைக்குப் போகிறது. சுவாமிமலையிலோ வேளாங்கண்ணியிலோ மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கையும் இதே ரகம். தோலுக்குக் கீழே இருக்கும் மயிர்க்காலைச் சவரக்கத்தி தொடுவதே இல்லை. எல்லா முடியும் ஒரே நீளத்தில், மழுங்கிய முனையோடு வருவதால் அடர்த்தி போலத் தெரிகிறது. மொட்டைக்குச் செலவு குறைவு, புண்ணியமும் உண்டு. மாத்திரைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

அந்த மாத்திரையின் கணக்கு இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-ல் ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைத்த அளவு 600 யூனிட். 60,000 யூனிட் மாத்திரை ஒன்று நூறு நாளுக்கான பங்கு. வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்று மருத்துவர் எழுதுவதற்கு நியாயம் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு, அட்டை தீர்ந்ததும் அடுத்த அட்டை வாங்குகிறவருக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஊசியாகப் போட்டால் ஒரே தடவையில் ஆறு லட்சம் யூனிட் உள்ளே போகிறது. ஆயிரம் நாளுக்கான பங்கு. கால்சியம் மாத்திரையிலும் சத்து மாத்திரையிலும் டி இருக்கிறது. யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

டி கொழுப்பில் கரையும் பொருள். கூடுதலானதைச் சிறுநீரோடு தள்ளிவிட உடம்புக்கு வழி கிடையாது, கொழுப்பில் சேர்த்து வைக்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். பசி போகும், வாந்தி வரும், மலம் இறுகும், தாகமும் சிறுநீரும் கூடும், புத்தி குழம்பும், சிறுநீரகம் பழுதாகும். மாத்திரையை நிறுத்தினாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கால்சியம் இறங்காது. டி குறைபாடு பரவலாக உள்ள காஷ்மீரில் இதனால் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி ஸ்ரீநகர் மருத்துவர்கள் 2011-ல் எழுதினார்கள். ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் அவர்கள் உடம்பில் பல லட்சம் யூனிட் ஏறியிருந்தது. காசநோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த நோயில் வீங்கிய திசுக்களே டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதால், சாதாரண அளவிலும் கால்சியம் ஏறலாம்.

‘முடிக்கான’ மாத்திரைகளும் மிட்டாய்களும் தனிக்கதை. அவற்றில் இருக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் அளவில் போதும். கடையில் விற்பது 10 மில்லிகிராம் வரை, முந்நூறு மடங்குக்கு மேல். இது முடியை வளர்க்கிறதோ இல்லையோ, ரத்தப் பரிசோதனையைக் கெடுக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-லும் 2019-லும் இதைப் பற்றி எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் சில கருவிகளில் பொய்யாகக் குறைந்து தெரியும். தைராய்டுக் கோளாறு இல்லாதவருக்கு இருப்பதுபோலத் தெரியும். வைட்டமின் டி-யே பொய்யாகக் கூடித் தெரியலாம். சோதனைக்குப் போகும்முன் இந்த மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

செலினியம் என்ற தாதுச் சத்து மிகுந்தால் இன்னும் மோசம். 2008-ல் அமெரிக்காவில் ஒரு சத்து பானத்தில் அச்சிட்டதைவிட 200 மடங்கு செலினியம் கலந்துவிட, 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முடி கொட்டியது. நம் நாட்டில் 2024 டிசம்பர் இறுதியில் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில், ஷேகாவ் வட்டத்துக் கிராமங்களில், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக மூன்று நான்கு நாளில் தலை வழுக்கையானார்கள். தேள்கடிச் சிகிச்சைக்காகப் பத்மஸ்ரீ பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் அங்கே போய் ஆராய்ந்து, ரேஷன் கோதுமையில் செலினியம் மிகுந்திருந்ததுதான் காரணம் என்றார். சத்துக் குறைந்தால்தான் முடி கொட்டும் என்று நினைக்கிறவர்கள் புல்டாணாவை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வைட்டமின் ஏ மிகுந்தாலும் முடி கொட்டும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது முதல் பக்கத்து அம்பு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு மேல். ஹீமோகுளோபின் சோதனையின் விலை டி சோதனையின் விலையில் ஒரு சிறு பங்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்ப்பார்கள், இரும்பு மாத்திரையும் காசில்லாமல் கொடுப்பார்கள். ஆனால் ஒன்பது என்பது பழகிப்போன எண். அம்மாவுக்கும் ஒன்பது, சித்திக்கும் ஒன்பது. பழகியதால் அது நோயாகத் தெரிவதில்லை. டி புதிய எண், பெயரே நாகரிகமாக இருக்கிறது, அதனால் அது நோயாகிவிட்டது. முடி கொட்டும் பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் தைராய்டும்தான். மாதவிலக்கு தவறி, முகத்திலும் முடி வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கு நெற்றியோரம் ஏறுகிற வழுக்கை பரம்பரையும் ஆண் ஹார்மோனும் செய்கிற வேலை. டி மாத்திரை அதைத் தொடாது.

ஒரு வகை மட்டும் காத்திருக்காது. உச்சந்தலையில் அரிப்பு, எரிச்சல், செதில், பிறகு முடியும் துளையும் இல்லாமல் வழவழப்பான பளபளப்பு என்று தெரிந்தால் மயிர்க்கால் தழும்பாகி மூடிக்கொண்டிருக்கிறது. மூடியது திறக்காது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற மட்டுமே மருந்துண்டு. இவர்கள் டி மாத்திரையோடு மூன்று மாதம் காத்திருப்பது மூன்று மாத முடியை நிரந்தரமாக இழப்பது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. நேரே அங்கே போக வேண்டும்.

எலும்புக்கு டி வேண்டும் என்றேன். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமல் போவதும், மாடிப்படி ஏறத் தொடை தளர்வதும், இடுப்பெலும்பு ஓயாமல் வலிப்பதும் உண்மையான குறைபாட்டின் அடையாளங்கள். இவர்கள் சோதித்துக்கொள்ள வேண்டும், மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரையும் சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு வெயில் இருக்கிறது. காலை ஏழு மணி இளவெயிலில் நிற்பதால் பெரிய பலன் இல்லை. திருப்பதிக் குழுவின் கணக்கில் தோலில் டி நன்றாக உருவாகும் நேரம் பகல் பதினொன்று முதல் இரண்டு வரை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகமும் முன்கையும் தெரிய அரை மணி நேரம் வரை, சித்திரை வைகாசியில் அதைவிடக் குறைவாக. கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் வராது. சோற்றில் டி இல்லை. செறிவூட்டிய அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்க்கிறார்கள், டி சேர்ப்பதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் இருக்கிறது, முட்டை மஞ்சளில் கொஞ்சம் இருக்கிறது, ஆவினின் ஊதா நிறப் பாக்கெட்டில் சேர்க்கிறார்கள்.

அக்கா மகளைப் பாபநாசத்து மருத்துவரிடம் அனுப்பினேன். டி மாத்திரையை வாரம் ஒன்றாக எட்டு வாரத்தோடு முடிக்கச் சொன்னார். இரும்பு மாத்திரையை மூன்று மாதம் எழுதிக் கொடுத்தார். அதைக் காலை டிகிரி காபியோடு விழுங்கக்கூடாது, காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனி மாதம் கல்லணையில் தண்ணீர் திறந்த வாரம் கூப்பிட்டாள். முடி கொட்டுவது நின்றுவிட்டதாம். இரும்புதான் நிறுத்தியது என்று நான் சொல்லவில்லை, காய்ச்சல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டேன்.

11.6. தேவையான பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.